புளி தின்ற கல்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. கற்பனையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. இப்படித் தொடங்கினேன்:

பினாங்குக் கடலைப் பார்த்த பதினெட்டாவது மாடியில், பளிங்குத் தரை நிலவைப் போல...

அடித்துவிட்டேன். அதை நிலவு என்பவர்கள் அதைத் துடைத்ததில்லை. என் அம்மா துடைக்கிறார், வாரத்துக்கு மூன்று நாள்.

2

கதையில் அம்மாவின் பெயர் ரோசம்மா. முதல் வரைவில் அவரைப் பக்கத்து வீட்டு அக்காவாக மாற்றியிருந்தேன். பயம். [இன்னும் பயம்தான். கட்டடத்தின் பெயர் இல்லாதது அதனால்தான்.]

ஒவ்வோர் ஈஸ்டருக்கு முன்னும் மாதா கோயிலின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்ப்பவர் ரோசம்மா. போன திங்கட்கிழமை, அவர் வேலை செய்யும் மேடம் வீட்டுச் சமையலறைத் தரையில் சிவப்பாக ஒரு கறை. ரோஸ் சிராப் கொட்டிவிட்டது என்றாராம் மேடம். துடைத்துப் போகவில்லை. கைப்பழக்கத்தில் புளியைக் கரைத்து, கறையின் ஓரம் பிடித்துத் தேய்த்துவிட்டார்.

* பளிங்கைப் புளிப்பு அரிக்கும். பளபளப்பு செத்து, வெள்ளைத் தேமல் விழும். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து வாங்கிய பட்டம் என்னுடையது, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். இதை ஒரு நாளாவது அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேனா? இல்லை.

3

அன்று, நான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். அம்மா அழாத குறையாக அழைத்தார். கறாராகப் பாடம் நடத்தினேன்: புளியைக் கழுவு, மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கு, மாவில் குழைத்து அப்பு, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடு. பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தார். மாவில் குழைக்காமல் நேராகவே ஊற்றியிருக்கிறார்.

"ஏண்டி ஷேரன், ஊத்துனதும் பொங்குதுடி."

"எப்படிப் பொங்குது?"

"சோடா மாதிரி, வெள்ளை நுரையா. சிராப்பு இப்படியா பொங்கும்?"

சிராப் பொங்காது. ரத்தம் பொங்கும்.

[இந்த இடத்தில் நான் "கைய எடும்மா, நிறுத்து" என்று கத்தியதாக மூன்று வரைவுகளில் எழுதியிருந்தேன். பொய்.] நான் சொன்னது இது:

"அப்படித்தான் இருக்கும். மாவைப் போட்டு மூடி வைம்மா."

4

ரோஹானா என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்து அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர், நாற்பத்தைந்து வயது. மதியத்தில் தேநீர் கலக்கி, "காக், டுடோக் லா" என்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைப்பாராம்.

திங்கள் முதல் ஆளைக் காணோம். ஊருக்கு அனுப்பிவிட்டதாக மேடம் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அவர் தொழும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளை தெலெக்கோங் இன்னும் கொடியில் தொங்குகிறது. அதை மடித்து வைக்கட்டுமா என்று அம்மா என்னிடம் கேட்டார். நான்

(இந்த வாக்கியம் நான்கு நாளாக இப்படியே நிற்கிறது.)

5

முடிவுகள்.

அ) ரோஹானா மேடானிலிருந்து அழைக்கிறார். மூக்கில் வழிந்த ரத்தமாம், சிரிக்கிறார். தினமும் எழுதிப் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது.

ஆ) போலீசுக்குப் போகிறேன். துடைத்தது யார்? ரோசம்மா. சொல்லிக் கொடுத்தது? இந்தப் பட்டதாரி. மேடத்துக்கு வக்கீல் வருவார். அம்மாவுக்கு யார் வருவார்கள்? மூடி வை என்று சொன்ன நான்.

இ) கறை போய்விட்டது. புளி தின்ற இடம் மட்டும், கறை கிடந்த அதே வடிவில், மங்கிக் கிடக்கிறது. அம்மா செய்த தவறுதான் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி. நாளை சனிக்கிழமை, பத்து மணிக்குக் கல்லை மெருகேற்ற இயந்திரத்தோடு ஆள் வருகிறார். மேடம் சிங்கப்பூரில். கதவைத் திறந்துவிட வேண்டியது அம்மா.

6

அம்மாவுக்குத் தெரியுமா? கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. சாயங்காலம் அவரே வந்தார், நான் எழுதும் மேசைக்கு. பன்னிரண்டு வருடமாக வேலைக்குப் போக என்னிடம் அனுமதி கேட்காதவர்.

"நாளைக்கு நான் போகவாடி?"

அந்த வீட்டுச் சாவியை இந்தத் தாளின் மேல், நேராக இந்த இடத்தில், வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதை நகர்த்தாமல் அடுத்த வரியை எழுத முடியாது. உங்கள் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.