அற்புதமேரியின் கண்ணாடி வயிறு

திண்டிவனத்தில் மாவு அரைவை நிலையம் நடத்திவரும் அற்புதமேரியின் வயிற்றுத் தோல், பொங்கலுக்கு மறுநாள் காலையில் கண்ணாடியாக மாறியது. அன்று தக்காளி கிலோ முப்பது ரூபாய். கண்ணாடிக்கு அடியில் கொழுப்புச் செல்கள் மஞ்சள் கிண்ணங்களாக அடுக்கப்பட்டிருந்தன. உண்டதில் மிஞ்சியதெல்லாம் ஒவ்வொன்றிலும் ஒரே துளியாகச் சேர, கிண்ணம் பருத்தது. மேலும் பருக்க இயலாதபோது, அருகில் உறங்கிக்கொண்டிருந்த இளஞ்செல்கள் விழித்தெழுந்து புதிய கிண்ணங்களாயின. புதுமனைகளுக்குக் குடிநீர்க் குழாய் இழுப்பதுபோல் மெல்லிய இரத்தக் குழாய்கள் அவற்றை நோக்கி நீண்டன. அரிசி அரைபடும் வரை தெருவினர் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவருடைய முழங்கால்களோ எடை தாங்காமல் வீங்கின. ஈஸ்டர் எனும் உயிர்ப்புப் பெருவிழாவிற்கு அடுத்த வாரம் மகள் மெர்லினுக்குத் திருமணம். கணவர் மறைந்துவிட்டபடியால், மகளின் கையைப் பற்றி மாதா கோவில் பீடம்வரை அழைத்துச் செல்ல வேண்டியவர் அவரே. விழுப்புரத்து மருத்துவர் கலைமதி, "சாப்பாட்ட கொறைங்கம்மா. இல்லன்னா உங்கள சேர்ல வச்சித்தான் தள்ளிக்கினு போவணும்" என்றார்.

பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் அற்புதமேரி கேப்பைக் கூழும் கீரையுமே உண்டார். கிண்ணங்கள் சுருங்கின, ஆனால் ஒன்றுகூட மறையவில்லை. காலியாக, வரிசை குலையாமல் காத்திருந்தன. இடர் இங்குதான் நேர்ந்தது. அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்பது அத்தெருவின் வழக்கமாகும். பெருவிழா கழிந்ததும், காலிக் கிண்ணங்களைக் கண்டு பொறுக்காத பக்கத்து வீட்டு ராஜாமணி, ஒரு தூக்கு பிரியாணியுடன் வந்தார்.

"இத்தினி ஏனம் காலியா கெடக்குது. பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா மேரி?"

"யக்கா, பேஜாரு பண்ணாதக்கா! கல்யாணத்துக்கு நாலு நாளுதான் கீது. நான் நடக்க வாணாமா?"

வாசல்வரை சென்ற ராஜாமணி மனம் கேளாமல் திரும்பி வந்தார். தம் கொண்டையிலிருந்து ஒரு மல்லிகை மொட்டைக் கிள்ளிக் கண்ணாடிமேல் வைத்து, "வெறுமனே மட்டும் உட மாட்டேன்" என்றார். மறுநாள் காலையில் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு மொட்டு இருந்தது.

திருமணத்தன்று அற்புதமேரி மகளின் கையைப் பற்றி, எங்கும் நில்லாமல் நடந்தார். பீடத்தை அடைவதற்குள் மொட்டுகள் யாவும் மலர்ந்துவிட்டன. மல்லிகை மணம் எங்கும் பரவ, கோவிலுக்குப் பூ கட்டியது யார் என்று மாப்பிள்ளை வீட்டார் வினவினர்.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் கலைமதி எடை பார்த்தார். ஒரு கிராமும் ஏறவில்லை. கண்ணாடியைக் குனிந்து நோக்கி, "செல்கள் குறையவில்லை, பூ உள்ளது" என்று சீட்டில் எழுதிவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே அழைத்தார்.