ஒரு பொட்டு தடிமன்

1

இன்று சரஸ்வதி பூஜை. எழுதக் கூடாது. என் பேனாவும் நோட்டும் சந்தனம் வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. போனை மட்டும் பூஜையில் வைக்க மறந்துவிட்டேன். ஆகவே இந்தக் கதை போனில், கட்டைவிரலால். (எழுத்துப்பிழை வந்தால் சரஸ்வதியைக் கேளுங்கள்.)

எல்லாம் என் நாத்தனார் நீலாவால் வந்தது. புனேயில், ஹிஞ்சேவாடி ஐடி வேலையை உதறிவிட்டு ஹடப்சரில் சிஎன்சி பட்டறை (கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைச் சீவும் மெஷின்) போட்டவள். மத்தியானம் அங்கே ஆயுத பூஜை. சுண்டலை மென்றுகொண்டே கேட்டாள்: "என்ன மன்னி, புதுக் கதை ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பம்தான் வரமாட்டேங்கறது."

"அதானே! மெஷினை நிறுத்தி வெச்சுட்டு டூல் தேடற கேஸ்!"

2

முதல் முயற்சி: ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நீலா [வேண்டாம். பட்டறையில் ஜன்னலே இல்லை.]

இரண்டாவது: உற்பத்தித்திறன் என்பது [கொட்டாவி வருகிறது.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு மாற, நீலாவின் மெஷின் முக்கால் மணி நேரம் சும்மா நிற்கும். சீவுகிற டூலைத் தேடு, அள, மாட்டு. நாளைக் காலை ஒரு பெரிய கம்பெனியிலிருந்து சூர்யநாராயணன் வருகிறார். அவர் கண்ணெதிரே பத்து நிமிஷத்தில் மாற்றி, முதல் பீஸைச் சரியாக எடுத்துக் காட்டினால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால்?

"மெஷினை வித்துட்டு மறுபடி ஐடி கம்பெனி கேப்ல ஏற வேண்டியதுதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் கண்டுபிடித்திருக்கும் வழி இது: மெஷின் ஓடும்போதே அடுத்த டூல்களை வெளியில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, உயரம் அளந்து, தட்டில் அடுக்கிவிடுவது. மெஷின் நின்றதும் மாட்டு, ஓட்டு!

3

நானும் அப்படியே செய்கிறேன். கதை ஓடும்போதே முடிவுகளைத் தட்டில் அடுக்கியாயிற்று: நீலா ஜெயிக்கிறாள், நீலா தோற்கிறாள், சூர்யநாராயணன் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வரவே இல்லை. (மூன்றாவது அழுகுணி ஆட்டம்தான். புனேக்காரர்கள் நம்புவார்கள்.)

ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் கதை ஏது? ஒரு தப்பு வேண்டும். அட, சேவியர் இருக்கிறாரே! நீலாவின் ஆபரேட்டர், புனே கேம்ப் ஏரியாக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச். ஆனால் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு முதலில் நிற்பவர் அவர்தான். மெஷின், ஸ்பேனர், விளக்குமாறு எதையும் விடவில்லை. "சாமி விஷயம் மேடம். ஒண்ணு விட்டுப்போனாலும் என்னைத்தான் சொல்வாங்க."

அந்த அளவு ஸ்டாண்டில், டூல் உட்காருகிற இடத்திலும் அவர் ஒரு பொட்டு வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆஹா, என் மூளையே மூளை!

4

நாளைக் காலை. (கதையில்.) சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. அதன்மேல் நின்ற டூல் ஒவ்வொன்றும் அந்தப் பொட்டு அளவுக்கு உயரம் கூடிக் காட்டுகிறது; அதை நம்பி மெஷின் அவ்வளவு குறைவாகச் சீவும். யாருக்கும் தெரியாது. நீலா மாற்றுகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! எட்டே நிமிஷத்தில் முதல் பீஸ்!

சூர்யநாராயணன் பீஸில் மைக்ரோமீட்டரை வைத்துத் தடிமனை அளக்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "தடிமன் ஜாஸ்தியா இருக்கேம்மா."

தலைமுடி அளவு தப்பினாலே தூக்கி எறிகிற தொழில். சேவியருக்கு முகம் வெளுத்துவிட்டது. நீலா ஒரு டூலை உருவி, அடியைப் பார்க்கிறாள். மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகர்கிறாள்.

"சேவியர்! ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லா டூலும் ஒரே அளவு தப்பு! மெஷின்ல ஒரே ஒரு நம்பரை மாத்தினா போதும்!"

மாற்றுகிறாள். பச்சைப் பொத்தானை அழுத்துகிறாள். மெஷின் அதே பீஸை இன்னொரு தரம் சீவுகிறது. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது. இருக்கிறதா?

5

நீலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டுவிட்டாள். முடிவுத் தட்டை உங்களிடம் நீட்டுகிறேன். மைக்ரோமீட்டரும் உங்கள் கையில்தான். நன்றாகத் துடைத்துவிட்டு, நிதானமாக அளந்து

[இருங்கள், இருங்கள்.]

சேவியர் நிஜம். சந்தனக் கிண்ணமும் நிஜம். மத்தியானம் அவர் அந்த ஸ்டாண்டின் பக்கம் குனிந்ததை வாய் நிறையச் சுண்டலோடு நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! கற்பனை என்று நினைத்து எழுதிக்கொண்டிருக்கிறேனே, அசடு!

காலையில் அவர்கள் முதலில் தொடப்போவதே அந்த ஸ்டாண்டைத்தான். முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் உடனே நீலாவைக் கூப்பிட வேண்டும், இருப்பது இந்தப் போன் ஒன்றுதா