முதல் கையெழுத்து

"கையெழுத்துப் போட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மேஸ்திரி வாயிலிருந்த கவளத்தை மென்றுகொண்டே இருந்தார். ஒரு கவளத்தை அவ்வளவு நேரம் மெல்ல முடியும் என்பது அவர் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது.

"எல்லாரும் போட்டாங்க. ஊரோட ஒத்துப் போகணும்ல?"

"முதல்ல போட்டது யாரு?"

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் அவர்தான் மூத்தவர். முதல் கையெழுத்தும் அவருடையதுதான். அவரோடு விரிப்பு மடிக்கும் பெண் வேறு மதத்துக்காரி. சாப்பாட்டு மணி அடித்ததும், டப்பாவைத் திறக்குமுன் கண்ணை மூடித் தன் கடவுளை வாய்விட்டு வேண்டுவாள். மொத்தம் ஒரு நிமிஷம். 'பொது இடத்தில் வழிபாடு எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது' என்று எல்லாரும் சேர்ந்து மேனேஜருக்கு மனு எழுதினார்கள். யாருக்கு எந்த வேலை கெட்டது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ அவ என் பேரைச் சொல்லித்தானே வேண்டுனா? அன்னிக்கு இடைஞ்சலா இல்லையாக்கும்!" மனைவி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் மேனேஜர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். சாட்சிக்கு மேஸ்திரி.

"இனிமே ஒரு தடவை வாய்விட்டு வேண்டினாலும் வேலை கிடையாதும்மா. எனக்கு எல்லா மதமும் ஒண்ணுதான். வேற யாராவது இங்க சாமி பேரைச் சொல்லிக் கேட்டிருக்கியா? சொல்லு, அவங்களுக்கும் இதே விதிதான்."

முப்பது வருஷமாகத் தினமும் இஸ்திரி இயந்திரத்தின் பொத்தானை அமுக்குமுன் தன் சாமி பெயரை மூன்று தடவை, கூடமே அதிரச் சொல்பவர் மேஸ்திரி. அதை வழிபாடு என்று அவர் நினைத்ததே இல்லை. இருமல், தும்மல் மாதிரி ஒரு பழக்கம். அவருடைய சாமி எல்லாருக்கும் பழகிய சாமி, அது எப்படி இடைஞ்சலாகும்? பத்து வருஷமாக விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி அதைக் கேட்டு நிற்பவள் அவள்தான்.

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். 'நானும்தான் சார்' என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அவர் மேனேஜரின் மேசையைப் பார்த்தார்.

"நான் யாரு சொல்லியும் கேட்டதில்லைங்க" என்றாள் அவள்.

கூடத்துக்குத் திரும்பினார்கள். பொத்தான் மேல் வைத்த விரல் அப்படியே நின்றது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"உள்ளே நான் வாயைத் திறந்திருக்கணும்மா. தப்புப் பண்ணிட்டேன்."

"விடுங்கண்ணே. சொல்லாம நீங்க மிஷினைத் தொடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டே போடுங்க. ஆனா கொஞ்சம் இருங்க." விரிப்பின் முனையை மேசைமேல் வைத்தாள். "பொய் சொன்னா என் சாமிக்கு ஆகாது. இன்னிக்கு உங்களுக்காக ஒண்ணு சொல்லிட்டேன். மேனேஜர் நாளைக்கும் கேட்டா, நான் நிஜமாவே கேட்டிருக்கக் கூடாது."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

மேஸ்திரி சொன்னார். மூன்று தடவை இல்லை, ஒரே தடவை. அதையும் திருடனைப் போல உதட்டுக்குள்ளேயே சொன்னார்.