கஞ்சியில் கலந்த காவல்

விடிந்ததும் செந்தாமரைக்கு முதல் வேலை கேப்சூலைப் பிரிப்பதுதான். உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிறத் தூளை நொய்க்கஞ்சியில் கொட்டிக் கலக்குவாள். கணவன் வீரையனுக்கு நாக்கில் புற்றுநோய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். வாயெல்லாம் புண், கேப்சூலை அப்படியே விழுங்க முடியாது. தினம் ஒன்று போதும் என்று சொல்லித்தான் குத்தாலத்துச் சத்து மாத்திரை வியாபாரி பஞ்சநதம் விற்றான். ஆனால் பயிர் வெளிறினால் ஒரு பிடி யூரியாவைக் கூடுதலாக வீசிப் பழகிய கை அவளுடையது. இரண்டிரண்டாகப் போட்டாள்.

"இது ஆன்டிஆக்சிடன்ட்டு, அக்கா. செல்லுக்குள்ள போய்க் காவல் நிக்கும், கரண்டு சுடாது. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவங்களுக்குப் புடிக்காது" என்றிருந்தான் பஞ்சநதம். அவளும் மூச்சு விடவில்லை. அதோடு நின்றாளா? கணவனைக் கரண்டுக்கு அழைத்துவந்து ஆஸ்பத்திரியில் பழக்கமான ஷம்சாத்திடம், "உன் வீட்டுக்காரருக்கும் குடு" என்று ஒரு டப்பாவைத் திணித்தாள். நல்ல மனசுக்கு என்ன குறைச்சல்!

அன்று டாக்டர் சுடர்விழியின் கண்ணில் தூக்குவாளி பட்டுவிட்டது.

"கஞ்சி ஏம்மா இந்தக் கலர்ல இருக்கு?"

செந்தாமரை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கோபப்படவில்லை.

"அந்தக் காவல் நம்ம செல்லுக்குள்ள ஏற்கெனவே இருக்கும்மா. கரண்டு பட்டு உள்ள உண்டாகுற கெடுதல அது தடுக்கும். அந்தக் கெடுதல்லதான் கேன்சர் செல்லு சாகணும், நல்ல செல்லு மெல்லத் தேறிக்கும். ஆனா காவலுக்கு நல்ல செல்லு, கேன்சர் செல்லுன்னு தெரியாது. இப்படி அளவுக்கு மீறிக் கொட்டுனா ரெண்டையும் காப்பாத்திடலாம். கீரை, பழம் சாப்பாட்டோட குடுங்க, போதும்."

"அப்ப இத்தன நாள் வச்ச கரண்டு வீணா டாக்டர்?"

"வீணுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. இன்னையோட நிறுத்துங்க. கரண்டு முடிஞ்சதும் ஸ்கேன்ல பார்ப்போம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கை கால் யாருடையதோ போலிருந்தது. களைக்கும் சேர்த்து உரம் போட்டுவிட்டோம் என்று தோன்றியது, அதுகூட வலிக்கவில்லை. வெளியே போய்க் கஞ்சியைக் கொட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்த, வாய்ப்புண்ணால் பேச முடியாத வீரையன், பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"இருங்க, வேற வாங்கியாறேன்."

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஷம்சாத் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். செந்தாமரை அவள் கையைப் பிடித்தாள்.

"குடுக்காத ஷம்சாத். இது கேன்சரையும் சேத்துக் காப்பாத்திடுமாம்."

ஷம்சாத் டப்பாவைச் சட்டென்று மூடினாள். "வீரையன் அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"தெரியல" என்றாள் செந்தாமரை, ஏற்ற இறக்கமில்லாத குரலில். "எதக் குடுத்தாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடு. டாக்டருக்குத் தெரிய வேணாம்னு சொல்லிக் குடுக்குறவன் வைத்தியம் பாக்கல, யாவாரம் பாக்குறான்."