நீளம் குறைக்கப்பட்ட வீடு

எங்கள் வீடு போன வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆனது. பெருந்துறை ரோட்டில் இருக்கும் சாந்தலட்சுமி தியேட்டரில் தினமும் நான்கு காட்சிகள்.

எங்கள் வீதியில் எல்லா வீடும் ஒருநாள் ரிலீஸ் ஆகும். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் நாங்கள் எப்போதும்போல இருப்போம். நான், என் மனைவி கோகிலவாணி, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தர்ஷிணி. நாங்கள் இங்கே இருப்பது அங்கே திரையில் ஓடும். கூட்டம் வந்தால் வீடு நிற்கும். வராவிட்டால் தூக்கிவிடுவார்கள். எதிர்வரிசையில் தையல்நாயகி டீச்சர் வீட்டை ஒரே வாரத்தில் தூக்கினார்கள். இப்போது அங்கே வெறும் மண். டீச்சர் பால் பாத்திரத்துடன் அதன் நடுவில் நிற்கிறார்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. சோறு வேகும் நேரத்தில் ஹாலில் விளக்குகள் எரிந்தன. இடைவேளை. ஒருவர் சமோசாத் தட்டுடன் சமையலறை வழியாகப் போனார். கோகிலவாணி கரண்டியை ஒதுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

மாடிவீட்டுச் சென்னியப்பன் சாயங்காலம் இறங்கி வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சி பார்த்துவிட்டு வீடு வீடாக வந்து சொல்வார். அவர் போகலாம் என்றால் நாலு வீதி போகும். வேண்டாம் என்றால் அவர் சம்சாரமே போகாது.

"படம் பாத்தனுங்க மூர்த்தி."

"எப்படிங்க இருக்குது?"

"மூஞ்சிக்கு நேரா சொல்றதா?"

"சொல்லுங்க."

"ஒங்க சம்சாரம் நல்லாப் பண்ணியிருக்குது. பாப்பா பிரமாதம்."

நான் காத்திருந்தேன்.

"நீங்க வர்ற எடத்துல டீ குடிக்க எந்திரிச்சுப் போயிட்டனுங்க. நான் மட்டுமில்ல. மொத்தத் தியேட்டரும் டீக்கடையிலதான் நின்னுச்சு. டீ நல்லா இருந்துச்சுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்காரச் சொல்லி அவருக்குக் காபி கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, இந்த மாதிரி காபி கொடுப்பதையெல்லாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சு. முதல் பாதி போனதே தெரியவில்லை, இரண்டாம் பாதியில் அப்பா வந்து இழுத்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். காங்கேயத்திலிருந்து மைத்துனன் போன் செய்தான். "மச்சான், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கேஸ் சிலிண்டர மூடிட்டீங்களான்னு ரெண்டு தடவ பாக்கறீங்க. ஒரு தடவ பத்தாதா?" என்றான். நான் மூடியதால்தான் அவன் அக்கா இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். அப்படிச் சொன்னால் அதுவும் நீளம் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எடிட்டர் வந்தார். படம் இழுக்கிறது என்று பேச்சு வந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டுவது வழக்கம்தான். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். குழாயடியில் கத்தரிக்கோலைக் கழுவித் துண்டில் துடைத்தார். மோர் கேட்டார்.

"எதை எடுக்கறீங்க?" என்றேன்.

"இழுக்கறத."

"எது இழுக்குதுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மோரைக் குடித்தார்.

அன்று மதியம் கோகிலவாணி இலை போட்டுச் சோறு வைத்தாள். அடுத்த நொடி நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் சாப்பிட்டதை எடுத்துவிட்டார்கள். பசி மட்டும் இருந்தது. இன்னொரு முறை உட்காரலாம் என்று திரும்பினேன். சாயங்காலம் ஆகியிருந்தது.

அப்புறம் ஆபீஸ் போவதை எடுத்தார்கள். சம்பளம் வந்தது, நான் போனது இல்லை. கோகிலவாணியுடன் காய்கறி வாங்கப் போவதை எடுத்தார்கள். பை நிறையக் கத்திரிக்காயுடன் அவள் மட்டும் நுழைந்தாள். யாருடனோ பேசிக்கொண்டு வந்தவள்போலப் பாதிச் சிரிப்பில் இருந்தாள். அந்தப் பேச்சில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை.

டியூஷன் வாசலில் தர்ஷிணிக்காக ஸ்கூட்டரோடு நிற்கும் இடத்தில் எடிட்டர் கத்தரிக்கோலை வைத்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது வேணுங்க."

"எதுக்குங்க?"

"அதுல நான் ஒண்ணுமே பேசறதில்ல. சும்மா நிக்கறேன். மழை பேஞ்சாலும் நிக்கறேன்."

"அதத்தானுங்க எல்லாரும் சொல்றாங்க."

வெட்டினார். அன்று முதல் தர்ஷிணி வீட்டுக்கு வருவது மட்டும் இருந்தது. அவளை யாரும் கூட்டி வரவில்லை.

படம் சூடு பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். சென்னியப்பன் மறுபடி பார்த்துவிட்டு வந்து மாடிப்படியில் நின்றே சத்தமாகச் சொன்னார். "இப்ப சும்மா ஜம்முனு இருக்குதுங்க. போரே இல்ல. எல்லாரும் போங்க." வீதியே போனது. பவானியிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். தையல்நாயகி டீச்சர்கூட மண்ணை விட்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போய் நின்றுகொண்டார்.

நான் கோகிலவாணியிடம் கேட்டேன். அப்போது வீட்டில் எனக்கு மிச்சம் இருந்தது ராத்திரி சாப்பாட்டு நேரமும், அதில் நான் சொல்லும் ஒரு ஜோக்கும்தான். கேட்பதாக இருந்தால் அந்த இடத்தில்தான் கேட்க வேண்டும்.

"ஒனக்கு எப்படி இருக்குது?"

"எதுங்க?"

"நான் இல்லாம."

அவள் ரசத்தைக் கலக்கினாள். "சனங்க சொல்றதுக்கு நான் என்னங்க பண்றது? வீடு நிக்கணுமில்ல."

"அதைக் கேக்கல. ஒனக்கு."

"எனக்குப் பழகிப்போச்சுங்க," என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்க வாயைத் திறந்தேன். விடிந்திருந்தது.

எடிட்டர் கடைசியாக வந்தது புதன்கிழமை. மோர் வேண்டாம் என்றார். அந்த ஜோக்கையும் எடுக்க வேண்டும் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "சனங்களுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்? படம்தான் நல்லா ஓடுதுல்ல."

"இது சனங்க சொன்னது இல்லீங்க."

"பின்ன?"

"வீட்டுல ஒருத்தரு சொன்னதுங்க."

கோகிலவாணியைப் பார்த்தேன். அவள் தர்ஷிணியைப் பார்த்தாள். தர்ஷிணி பாவாடை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஃப்ரெண்ட்ஸுங்களோட போயிருந்தேன்ப்பா," என்றாள். "நீங்க ஜோக் சொன்னீங்க. யாருமே சிரிக்கல. பின்னாடி ஒருத்தன் விசிலடிச்சு, போதும் உக்காருன்னு கத்துனான். எல்லாரும் அதுக்குத்தான் சிரிச்சாங்க. என் ஃப்ரெண்ட்ஸும் சிரிச்சாங்க."

"நீ?"

"எனக்கு அழுகையா வந்துச்சு. ஒங்கள யாரும் அப்படிச் சொல்லக் கூடாதுப்பா. அதான் மொத்தமா எடுத்துருங்கன்னு சொன்னேன்."

"மொத்தமாவா?"

"ஒங்களுக்காகத்தான்ப்பா."

அவள் பொய் சொல்லவில்லை. என்மேல் இவ்வளவு பிரியம் வைத்து இதுவரை யாரும் எதுவும் செய்ததில்லை. அவள் தலையைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கையை நீட்டினேன். எடிட்டர் அதற்குள் வேலையை முடித்துவிட்டார்.

கை நீட்டியபடியே தியேட்டர் வாசலில் நின்றேன். டிக்கெட் கிழிப்பவர் அந்தக் கையில் பாதி டிக்கெட்டை வைத்தார். அவர் முகத்தில் என்னைத் தெரிந்த அடையாளம் ஒன்றும் இல்லை.

உள்ளே இடமே இல்லை. ஓரத்து நாற்காலி ஒன்று கிடைத்தது. திரையில் எங்கள் வீடு இருந்தது. நிஜத்தைவிட வெளிச்சமாக இருந்தது. கோகிலவாணி தோசை வார்த்தாள். தர்ஷிணி அடுப்புத் திட்டின்மேல் ஏறி உட்கார்ந்து கதை சொன்னாள். கோகிலவாணி சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவள் பின்னால் சாய்ந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க, இதுல அப்பன்னு ஒருத்தரு இல்லியா?"

"இருந்தாருங்க. எடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு," என்றார். "இருந்தா வள்ளுனு விழுந்துட்டே இருந்திருப்பான்."

நான் அப்படி யார்மேலும் விழுந்ததில்லை. அதை இருட்டில் அவரிடம் எப்படி நிரூபிப்பது?

படம் நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்காவது ஒரு இடத்தில் ஓட்டை தெரியும், யாராவது ஒருத்தி என்னைத் தேடுவாள் என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். கதவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைதட்டினார்கள்.

வெளியே ஒரு பெண் மைக்கோடு ஓடி வந்தாள். சென்னை சேனல்போல. பின்னால் அடுத்த காட்சிக்கு வந்த கூட்டம் வரிசையில் நின்று என் வாயையே பார்த்தது.

"சார், படம் எப்படி சார் இருந்துச்சு?"

நன்றாக இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த வரிசை கலைந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டைத் தூக்கிவிடுவார்கள். அவர்கள் இரண்டு பேரும் வெளியே வந்துதான் ஆக வேண்டும். வெறும் மண்ணில் மூன்று பேரும் நிற்போம். மூன்று பேரும். எனக்கு அந்த ஆசை வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"சார்?"

"நல்லா இருக்குதுங்க," என்றேன்.

"மைனஸ்னு ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஃபேமிலியோட பாக்கலாமா சார்?"

"கட்டாயம் பாக்கணுமுங்க. குடும்பத்தோட பாக்கற படமுங்க."

வரிசை நகர்ந்து உள்ளே போனது.

"நீங்க யாரு கூட சார் வந்தீங்க?"

"தனியாத்தானுங்க," என்றேன். அதற்குள் அவள் மைக்கை அணைத்திருந்தாள்.