நாற்பத்தொன்பது மாடல் வண்டி

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டி காட்டப் போகிறவன் முதலில் பெயிண்ட் கடைக்குத்தான் போவான். நீடாமங்கலத்துப் பக்கம் சக்கரம் வைத்த எதையாவது ஓட்டிப் பிழைக்கிறவனுக்கெல்லாம் இது தெரியும். ஓட்டையை அடை, பட்டி பார், பளபளவென்று அடித்து நிறுத்து; பார்க்க வருகிற அதிகாரி பாதிக் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை வருஷமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டும் நெடுமாறனும் அதையேதான் செய்தான். சென்னையிலிருந்து ஒருவர் வந்து அவன் வீட்டில் நிற்கும் பழைய பிக்கப்பைச் சோதிக்கப் போகிறார் என்று பண்ணை வீட்டுப் பரணிதரன் போனில் சொன்ன மறுநாளே கிரைண்டரும் வயர் பிரஷ்ஷும் வாடகைக்கு எடுத்து வந்துவிட்டான்.

வண்டி, செத்துப்போன அவன் அப்பாவுடையது; அவர் பெயர் ஐயாவு. ஐயாவுக்கு அது வந்த கதை ஊருக்கே தெரியும். பரணிதரனின் தாத்தா பஞ்சநதத்தின் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அவர் குத்தகைச் சாகுபடியில் இருந்தது. உழுகிறவன் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த சமயம், பஞ்சநதம் கூப்பிட்டனுப்பினார். "நெலம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்க. அறுவது மாடல்டா. பச்சைப் பெயிண்ட் இப்பத்தான் அடிச்சது, பாரு." ஐயாவு கைநாட்டு வைத்தார். தெருவுக்கே முதல் மோட்டார் வண்டி. ஒரு அறுப்புக்குக்கூட அது ஓடவில்லை. ரயில்வே கேட்டில் என்ஜின் இறுகி நின்றது. மாடு கட்டி இழுத்து வந்தார்கள்.

ஏர் பிடிக்கிறவனுக்கு ஸ்டியரிங் எதற்கு என்று ஊர் சிரித்தது. ஊர் ஒரு மாதத்தில் மறந்தது. அவர் பெண்டாட்டி நீலாம்பாள் மறக்கவில்லை. "எஞ்சினுக்குத் தண்ணி ஊத்தாம ஓட்டி என் நெலத்தக் கொளுத்திட்ட" என்று அவர் சாகிற வரைக்கும் சொன்னாள். அவரும் அப்படித்தான் நம்பிச் செத்தார்.

இப்போது பரணிதரனுக்குத் தாத்தாவின் வண்டி வேண்டும். பழைய கார்கள் ஊர்வலத்தில் ஓட்டிக் காட்டவேண்டுமாம். "வண்டி கம்பெனியிலேருந்து வந்த மாதிரியே இருந்தா, அந்த மூணு மாவை உங்க பேருக்கே எழுதிக் குடுத்துடறேங்க" என்றிருந்தான். அந்த மூன்று மாவை இன்றைக்கு வாய்வார்த்தைக் குத்தகைக்கு உழுகிறவனும் நெடுமாறன்தான்.

பரணிதரனோடு காரில் சோதிக்க வந்த ஆஸிம் வண்டியை ஒரு சுற்று சுற்றினான். கறுப்புப் பெயிண்ட் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

"யாருண்ணே அடிச்சது?"

"நாந்தான். ரெண்டு கோட்."

ஆஸிம் சீட்டைச் சாய்த்துப் பின்னால் கைவிட்டுத் தட்டினான். "பெட்ரோல் டேங்க் உள்ளுக்குள்ள இருக்கு. இது நாப்பத்தொம்பதுலேருந்துதான். கதவுல முக்கோணக் கண்ணாடி இல்ல. அது அம்பத்தொண்ணுல வந்துச்சு. ஆக, நாப்பத்தொம்பது, இல்லன்னா அம்பது."

"அறுவதுன்னுல்ல சொன்னாங்க?"

"அறுவதுல இந்த உருவத்துல வண்டியே செய்யலண்ணே."

அப்பாவுக்குக் கொடுக்கும்போதே கிழட்டு வண்டி. நெடுமாறன் பரணிதரனைப் பார்த்தான். பரணிதரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவுக்கிட்ட நம்பர் போட்ட தகடு ஒண்ணு இருந்திருக்குமே? அது இருந்தா வருஷத்தக் கரெக்டா சொல்லிடலாம்."

"துருவேறிக் கெடந்துச்சு. கிரைண்டர் வச்சு வழிச்சிட்டேன்."

"பின்னாடி மரப்பலகை?"

"உளுத்துப்போச்சுன்னு இரும்புத் தகடு அடிச்சேன். பலகைய அம்மா நெல்லு அவிக்க எரிச்சிடுச்சு."

பரணிதரன் சிரித்தான். "எஃப்.சி.க்கு ரெடி பண்ணிட்டீங்க போல. பரவால்ல, பலகை, பெயிண்ட்டெல்லாம் மாத்திக்கலாம். என்ஜினப் பாருங்க ஆஸிம்."

பானெட்டைத் தூக்கினார்கள். நெடுமாறன் அலுமினியப் பெயிண்ட் அடித்த என்ஜின் புதுப் பாத்திரம் போல மின்னியது. ஆஸிம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது ஜீப் என்ஜின். பிளக்க எண்ணுங்க, நாலு. இந்த வண்டிக்கு ஆறு சிலிண்டர்."

பரணிதரனின் சிரிப்பு நின்றது. "அப்ப ஒரிஜினல உங்கப்பா வித்துட்டாரா?"

"எங்கப்பாவுக்கு பானெட்டத் தொறக்கவே தெரியாது சார்."

"யாரோ மாத்தியிருக்காங்கல்ல?"

"எங்க மாத்துனதுன்னு கண்டுபிடிச்சிடலாம்" என்றான் ஆஸிம். "ஜீப் என்ஜின் உக்கார பிராக்கெட் வெல்டு வச்சிருக்காங்க. பண்ணையில குடுக்குறப்ப அடிச்சதா சார் சொன்ன பச்சை அது மேல ஓடியிருந்தா, பண்ணையிலயே மாத்துனது. இல்லன்னா இங்க வந்தப்புறம்." சாவியால் பிராக்கெட்டைச் சுரண்டினான். கறுப்பு உரிந்தது. அடியில் வெறும் இரும்பு.

நெடுமாறன் போன வாரம் சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து, அதே பிராக்கெட்டைத்தான் வயர் பிரஷ்ஷால் தேய்த்தான். பொருக்குப் பொருக்காகப் பச்சை உதிர்ந்தது. ஒன்று கண்ணில் விழுந்து, அம்மாதான் முந்தானையை நனைத்துத் துடைத்து எடுத்தாள்.

"பச்சை இருந்துச்சு சார். நாந்தான் சுரண்டித் தள்ளினேன்."

"நான் நம்புறேங்க" என்றான் பரணிதரன். நம்பாதவன் சொல்கிற மாதிரியே இருந்தது. "ஆனா எங்க வீட்ல கேப்பாங்கல்ல, என்ஜின் இல்லாத வண்டிக்கு எதுக்குடா நெலம்னு?"

அன்னிக்கு எங்க வீட்டுல கேக்கலயே சார் என்று நெடுமாறனுக்கு நாக்கு வரை வந்தது. நாற்று நட்டுத் தூர் கட்டுகிற பருவம். ஒரு வார்த்தை கூடிப்போனால் சித்திரையில் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும். எச்சிலோடு விழுங்கினான்.

பரணிதரன் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினான். "ஹாரனும் ஸ்டியரிங்கும் ஒரிஜினல்தானாம். எடைக்குப் போடறதா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

கார் போனதும் நீலாம்பாள் கொல்லையிலிருந்து வந்தாள். "என்னடா சொல்லிட்டுப் போறான்?"

சொன்னான். மாடல் வருஷத்தைச் சொன்னபோது அவள் காறித் துப்பினாள். என்ஜின் மாறிய கதையைச் சொன்னபோது வண்டிப் பக்கம் திரும்பினாள்.

"பண்ணையில அந்த வருஷந்தான் ஆத்தங்கரையில மோட்டார் வச்சாங்க" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "ஏதோ வண்டியோட எஞ்சினாம். மண்ணெண்ணெய் ஊத்துனா ஊரே அதிரும். அதுல எறைச்ச தண்ணியிலதான்டா நாங்க கூலிக்குக் குறுவை நட்டோம். கரையேறிப் போயி அதுக்குக் கற்பூரம்லாம் காட்டுனேன்."

நெடுமாறன் பானெட்டை இறக்கி மூடினான்.

"வீட்டுக்கு வந்து உங்கப்பன வைவேன். ஒரு நாளு, ஒரு பொழுது விட்டதில்ல." வண்டியின் பக்கவாட்டில் கையை ஓங்கி ஒரு அறை வைத்தாள். தகடு டம்மென்றது. "ஏன்டா, அந்தப் பச்சையில ஒரு துண்டாவது உட்டு வைக்கக் கூடாதா நீ?"

"அழகா இருக்கணும்னு பாத்தேம்மா."

"அழகாத்தான் இருக்கு."

அவன் சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்தான். வாய்க்காலில் இன்றைக்கு முறைத் தண்ணீர். விட்டால் அடுத்த முறை வரை பயிர் தாங்காது.

"எங்கடா போற?"

"தண்ணி பாய்ச்ச."

"யாரு நெலத்துக்குடா?" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

அவன் திரும்பவில்லை. பயிர் காய்ந்தாலும் குத்தகை நெல்லில் ஒரு மரக்கால்கூட யாரும் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.