நாலு மரத்துக்கு கேட் திறக்காது

கேட் திறக்க இன்னும் ஐந்து நிமிடம்.

கழுதை முதுகில் ஏணி, விரிப்புத் துணி, எட்டுச் சாக்கு. முன்னால் நவ்வாஃப் அண்ணன், பின்னால் தங்கை ஃபிக்ரியா, அதாவது நான். எங்கள் நிலத்தைப் பிரித்து ராணுவம் போட்ட கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், எங்கள் பதினொரு ஒலிவ மரங்கள் காய் தாங்காமல் வளைந்து நின்றன.

"என்ன நவ்வாஃப், கழுதைக்கும் பெர்மிட் எழுதிப் போட்டியா?" என்றார் பக்கத்து நிலத்து அபூ லாஃபி.

"போட்டா எனக்கு முன்னாடி அதுக்குக் கெடச்சிடும்."

வரிசையே சிரித்தது. ஜீப் வந்தது. பூட்டு திறந்தது. சிப்பாய் அண்ணனின் பெர்மிட் அட்டையை மெஷினில் வைத்தான்.

"ரத்து."

"மாசக் கடைசி வரைக்கும் தேதி இருக்கே."

"ஆபீஸ்ல கேளு. அடுத்த ஆள்."

என் அட்டைக்கும் அதே பதில். அபூ லாஃபி உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அண்ணன் முகத்தை அவரால் மறந்திருக்க முடியாது.

பெர்மிட் ஆபீஸில் மூன்று மணி நேரம் நின்றோம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நிலம் உங்கப்பா பேர்ல ஒண்ணா இருந்துச்சு. இப்ப நாலு பேர். உன் பங்குல நாலு மரம்தான் வருது. அதுக்குப் பேர் விவசாயம் இல்ல. பெர்மிட் கிடையாது."

"என் தங்கச்சிங்களுக்கு?"

"அவங்க பங்கு அதுல பாதி."



வசந்தத்தில் அப்பா மௌத்தானார். எங்கள் ஊரில் பெண்கள் நீதிமன்றத்துக்குப் போவதே பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடத்தான். நானும் அதற்குத்தான் போனேன். அண்ணன் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார்.

"அல்லாஹ் குடுத்ததைத் திருப்பித் தர நீ யாருடி?"

தங்கைகள் எங்கள் மூன்று பேர் பங்கையும் முறைப்படி பதிந்து கொடுத்தார். ஐம்பது வயதில் முதல்முறையாக என் பெயரில் மண். அந்தக் காகிதத்தை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தேனோ, மடிப்பே கிழிந்துவிட்டது.

ஆபீஸ் படியில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, பேனாவைக் குடுங்க."

"எதுக்கு?"

"மூணு பேரும் உங்க பேருக்கே எழுதித் தர்றோம்."

"காகிதம் ஏற மாசக்கணக்கா ஆகும். காய் அதுவரைக்கும் நிக்குமா?"

"அடுத்த வருஷக் காய் நிக்கும்."

 அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. படியில் வைத்தார்.

அந்த வருஷம் தினமும் வேலியோரம் போய் நின்றோம். காய் கறுத்தது. உதிர்ந்தது. மழை வந்து அடித்துக்கொண்டு போனது.

அடுத்த அக்டோபர். அண்ணனுக்கு பெர்மிட் வந்திருந்தது. எனக்கு வரவில்லை. நிலமில்லாதவளுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?

கேட் வரை கழுதையைப் பிடித்துக்கொண்டு போனேன். சிப்பாய் கை நீட்டித் தடுத்த இடத்தில் கயிற்றை அண்ணனிடம் கொடுத்தேன். அறுபது வயது மனிதர் ஏணியைத் தானே இறக்கினார், தானே சாய்த்தார். வேலியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபிக்ரியா, உன் மரம் எதும்மா? அதுல ஆரம்பிக்கறேன்."

கம்பிக்குள் விரலை நீட்டிக் காட்டினேன்.

முதல் பிடி காய் துணியில் விழுந்தது. சத்தம் இங்கே வரை கேட்டது.